சிவப்பு வளையம் எங்கே போனது? நானோ இடைவெளி மாதிரிகள் தகராறு செய்யும்போது

இரண்டு தங்கப் பரப்புகளுக்கு நடுவே ஒரு நானோ மீட்டர் இடைவெளி. அதை அளக்கிற ஆய்வகம் இருப்பதோ தண்டையார்பேட்டைப் பக்கத்தில். ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், கிழக்கே உப்புக் காற்று. இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த இடைவெளி சிதறும் ஒளி எதிர்பார்த்தபடி வராத ஒரே பழுதைப் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பச் சரிசெய்துவருகிறேன். பழுது வேறு வேறு முகத்தோடு வரும். புதிய மாணவர்கள் சொல்லும் காரணம் மட்டும் மாறுவதே இல்லை: "அண்ணா, இது குவாண்டம் விளைவு."

இருக்கலாம், இடைவெளி மிகக் குறுகினால் எலக்ட்ரான் அதைத் தாண்டிக் கசியும். ஆனால் குவாண்டம் வரிசையின் கடைசியில் நிற்கிற ஆள். அதற்கு முன்னால் தண்ணீர், விளக்கு, ஃபோகஸ், ரப்பர் பேண்டு என்று பலர் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவர்களை விசாரிக்காமல் கடைசி ஆளைக் கூப்பிட்டால் மூன்று மாதம் போய்விடும். அந்த விசாரணையைத்தான் அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

அறிகுறி 6 தவிர, மாதிரி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். 80 நானோ மீட்டர் விட்டமுள்ள தங்கத் துகள், அடியில் வழவழப்பான தங்கப் படலம், நடுவில் தயோல் (கந்தக முனையால் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும்) மூலக்கூறுகளின் ஒற்றை அடுக்கு. பைபினைல் தயோல் என்றால் அந்த அடுக்கின் தடிமன் சுமார் 1.3 நானோ மீட்டர். சிதறிய ஒளியை மட்டும் காட்டும் டார்க் ஃபீல்டு நுண்ணோக்கியில் ஒரு துகளின் சிதறல் நிறமாலையை எடுத்தால் பச்சைப் பகுதியில் ஒரு சிறிய உச்சியும், 700 முதல் 800 நானோ மீட்டருக்குள் ஒரு பெரிய உச்சியும் வர வேண்டும். பெரியதுதான் இடைவெளியின் உச்சி. இடைவெளி குறையக் குறைய அது சிவப்புப் பக்கம் நகரும்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் விளக்கை அரை மணி நேரம் எரியவிடுங்கள். ஒப்பீட்டுக்கான வெள்ளைத் தகட்டின் நிறமாலையை அன்றைக்கே புதிதாக எடுங்கள், நேற்றையது வேண்டாம். படலத்தில் துகளே இல்லாத ஓர் இடத்தின் நிறமாலையையும் எடுத்துக் கழியுங்கள். வரும் புகார்களில் கணிசமானவை இந்த மூன்றிலேயே தீர்ந்துவிடுகின்றன.

அறிகுறி 1: எல்லாம் பச்சைப் புள்ளி, சிவப்பு வளையம் ஒன்றுகூட இல்லை

நல்ல மாதிரியைக் கண்வில்லையில் பார்த்தால் கறுப்புத் தரையில் சிவப்பு வளையங்கள் சிதறிக் கிடக்கும், நடுவில் துளையோடு, சின்ன உளுந்து வடைகள்போல. இடைவெளியில் மின்னூட்டம் மேலும் கீழுமாக அசைகிறது. அப்படி அசைவது நேர் மேலே ஒளியை வீசாது, அதனால்தான் துளை. வளையம் காணாமல் போனால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

கேமராவில் மட்டும் இல்லை, நிறமாலைமானியில் உச்சி இருக்கிறது என்றால் மாதிரியில் பழுது இல்லை. வண்ணக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று இருக்கும். 750 நானோ மீட்டர் ஒளியை அது விழுங்கிவிடும். நம் கண்ணும் அந்த இடத்தில் ஏறக்குறையக் குருடுதான். படத்தை விடுங்கள், நிறமாலையை நம்புங்கள்.

நிறமாலைமானியிலும் இல்லை என்றால் விளக்கைப் பாருங்கள். ஒரு நாள் மதியம் ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வந்தார். மூன்று வாரமாக வந்துகொண்டிருந்த உச்சி அன்று காலை முதல் ஒரு துகளில்கூட இல்லை. இடைவெளி மூடி எலக்ட்ரான் கசியத் தொடங்கிவிட்டது என்று இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருந்தார். நுண்ணோக்கியின் பின்னால் போய் விளக்குப் பெட்டியைத் தொட்டேன். கை சுடவில்லை. ஹாலோஜன் விளக்கு முந்தைய நாள் இரவு ஃபியூஸ் போயிருக்கிறது. யாரோ நல்ல மனதோடு வெள்ளை எல்இடி விளக்கை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளை எல்இடியில் 700 நானோ மீட்டருக்கு மேல் ஒளி கிட்டத்தட்ட இல்லை. இல்லாத ஒளி எப்படிச் சிதறும்? அந்த இரண்டு பக்கத்தையும் அவர் கிழிக்கவில்லை, மடித்து வைத்துக்கொண்டார்.

விளக்கு சரி என்றால் சில்லை (தங்கப் படலம் ஒட்டிய கண்ணாடித் துண்டை) தலைகீழாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், நானே செய்திருக்கிறேன். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சில்லின் ஓரத்தில் மெல்ல வையுங்கள். சில ஓம் காட்டினால் தங்கம், ஒன்றுமே காட்டாவிட்டால் கண்ணாடி.

அதுவும் சரி என்றால் துகளின் மேற்பூச்சு என்ன என்று அது வந்த புட்டியின் சீட்டில் படியுங்கள். சிட்ரேட் என்று இருந்தால் நல்லது. சிடிஏபி அல்லது பிவிபி என்று இருந்தால் துகள் ஏற்கெனவே கம்பளி போர்த்திக்கொண்டிருக்கிறது. சிடிஏபி இரட்டை அடுக்கே சுமார் 3 நானோ மீட்டர் வரும். நீங்கள் போட்ட 1.3 நானோ மீட்டர் படலத்தின் மேல் அது உட்கார்ந்தால் உச்சி பச்சைப் பக்கம் ஒதுங்கத்தான் செய்யும். சிட்ரேட் துகளுக்கு மாறுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வளையம் வராவிட்டால் படலத்தின் மேல், அதைக் கண்ணாடியில் ஒட்டிய எபாக்ஸி பசையின் எச்சமோ, கழுவாமல் விட்ட தயோல் குவியலோ இருக்க வேண்டும். புது எத்தனாலில் கழுவி ஒரு முறை பாருங்கள். தேறாவிட்டால் எலிப்சோமீட்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்து அடுக்கின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். இதற்கு மேல் உங்கள் நுண்ணோக்கியால் சொல்ல முடியாது.

அறிகுறி 2: தங்கக் கரைசல் நிறம் மாறுகிறது

வடசென்னையில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்கவும். மற்ற ஊர்க்காரர்கள் தாண்டிப் போகலாம்.

20 நானோ மீட்டர் தங்கத் துகள் கரைசல் நல்ல நன்னாரி சர்பத் நிறத்தில் இருக்கும். அது ஊதாவாகி, நீலமாகி, கடைசியில் அடியில் கறுப்பாகப் படிந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று பொருள். சிட்ரேட் கொடுக்கிற எதிர்மின்னூட்டம்தான் துகள்களைத் தள்ளி நிறுத்துகிறது. உப்பு வந்தால் அந்தத் தள்ளுதல் செத்துவிடும். நம் பகுதியின் நிலத்தடி நீருக்குள் கடல் எப்போதோ வந்துவிட்டது. மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாள் உண்டு. ஆனால் பீக்கரைக் கடைசியாக அலசுவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீரில்தான். காய்ந்த பீக்கரின் அடியில் மங்கலான வெள்ளை வட்டம் தெரிகிறதா? குற்றவாளி அதுதான்.

சோதனை எளிது. நான்கு சிறு குழாய்களில் ஒவ்வொரு மில்லி லிட்டர் கரைசல் எடுங்கள். முதலாவதில் சந்தேகமில்லாத அயனி நீக்கிய நீர் ஒரு மில்லி லிட்டர் ஊற்றுங்கள், இரண்டாவதில் உங்கள் ஆய்வகக் குழாயின் அயனி நீக்கிய நீர். மூன்றாவதில் சந்தேகத்துக்குரிய பீக்கரில் பத்து நிமிடம் ஊறிய நல்ல நீர். நான்காவதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு. நான்காவது உடனே நீலமாகும், ஒப்பிட்டுப் பார்க்க அது உங்களுக்கு வேண்டும். கால் மணி நேரம் கழித்து வெள்ளைத் தாளை முதுகில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது மாறினால் வடிகட்டிக் குடுவை தீர்ந்துவிட்டது. இங்கே வரும் தண்ணீரின் உப்புக்குக் குடுவைகள் விற்பவர் சொன்ன காலத்துக்கு வெகு முன்பே தீர்ந்துவிடும். டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதே என்று வாதாட வேண்டாம், அது குடிநீருக்கான கருவி. மின்தடைத்திறன் 18 மெகா ஓம் சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். மூன்றாவது மாறினால் பீக்கர்களை ராஜத்திராவகத்தில் கழுவ வேண்டும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம். புகைப்பெட்டிக்குள் வைத்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பழக்கமுள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மூடிய புட்டியில் அதைச் சேமிக்காதீர்கள், வாயு உண்டாகி வெடிக்கும்.

எதுவும் மாறாமல் பெரிய புட்டி மட்டும் கறுத்திருந்தால், அதை ஃப்ரீசரில் வைத்தது யார் என்று விசாரியுங்கள். உறைந்து உருகிய கரைசல் திரும்பாது. புதிதாக வாங்குங்கள் அல்லது காய்ச்சுங்கள். இந்த அறிகுறிக்கு வெளியாள் தேவையில்லை.

அறிகுறி 3: உச்சி வருகிறது, துகளுக்குத் துகள் வேறு இடத்தில்

முதலில் ஃபோகஸ். 100 மடங்கு வில்லையில் சிவப்பும் பச்சையும் ஒரே உயரத்தில் குவிவதில்லை. ஒரே துகளை எடுத்துக்கொண்டு 0.2 மைக்ரான் படிகளில் ஏற்றி இறக்கி நிறமாலை எடுங்கள். இரண்டு உச்சிகளின் விகிதம் உயரத்தோடு மாறினால் நீங்கள் அளந்துகொண்டிருப்பது வில்லையை, துகளை அல்ல. எல்லா உயரங்களிலும் எடுத்து, ஒவ்வோர் அலைநீளத்துக்கும் அது நன்றாகக் குவிந்த உயரத்தின் மதிப்பை எடுத்துத் தையுங்கள். நேரம் பிடிக்கும். வேறு வழி இல்லை.

அடுத்தது வெள்ளையாகப் பளபளக்கும் புள்ளிகள். வளையமும் இல்லை, நிறமும் இல்லை. உப்புப் படிகம் அல்லது தூசி. நண்பகலுக்கு மேல் கடல்காற்று ஏறும்போது கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தீர்களா? அயனி நீக்கிய நீரில் அலசி நைட்ரஜனில் ஊதுங்கள். ஜன்னலை மூடுங்கள். வியர்த்தால் வியர்க்கட்டும்.

பிறகு படலம். நேரடியாக ஆவியாக்கிப் படியவைத்த தங்கத்தில் 2, 3 நானோ மீட்டர் மேடுபள்ளம் இருக்கும். இடைவெளியோ 1.3. குண்டும் குழியுமான எண்ணூர் சாலையில் கோலிக்குண்டை வைத்து அதன் உயரத்தை அளப்பதுபோலத்தான் ஆகும். சிலிக்கான் தகட்டின் மேல் தங்கத்தைப் படியவைத்து, அதன் முதுகில் எபாக்ஸியால் கண்ணாடித் துண்டை ஒட்டி, காய்ந்ததும் உரித்தெடுங்கள். சிலிக்கானைத் தொட்டுக்கொண்டிருந்த முகம் அரை நானோ மீட்டருக்கும் குறைவான மேடுபள்ளத்தோடு வரும். வேண்டும்போது வேண்டிய சில்லை மட்டும் உரிக்கலாம் என்பது கூடுதல் வசதி.

தங்கம் எங்கே வாங்கினீர்கள் என்பதையும் கேட்டுவிடுகிறேன். செலவைக் குறைக்க சவுக்கார்பேட்டையில் பழைய மோதிரத்தை உருக்கிக் கொண்டுவந்தவரைப் பார்த்திருக்கிறேன். 916 நகைக்கு நல்லது. மீதி 84 பங்கில் செம்பும் வெள்ளியும் இருக்கும். ஆவியாக்கிக்கு 99.99 சதவீதத் தூய்மை வேண்டும்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் உச்சிகள் ஆளுக்கோர் இடத்தில் நிற்கின்றன என்றால் அது பழுதே இல்லை. துகள் முழு உருண்டை அல்ல, பட்டை தீட்டிய கல். எந்தப் பட்டை அடியில் பட்டு உட்கார்ந்தது, அது எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து உச்சி நகரும். நல்ல தொகுதியிலும் விட்டம் சில சதவீதம் வேறுபடும். ஐந்து துகளை அளந்து தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள், சில நூறு துகளை அளந்து பரவலைப் பாருங்கள். பரவலுக்கு இரண்டு தலை இருந்தால் மட்டும் மறுபடி மேலே இருந்து தொடங்குங்கள்.

அறிகுறி 4: நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை

வெள்ளி மாதிரி என்றால் விடை வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டு வெள்ளிக் குங்குமச் சிமிழ் துலக்கி வைத்த சில வாரங்களில் பழுப்பேறிவிடும். காற்றில் இருக்கும் கந்தக வாயு வெள்ளியைச் சல்ஃபைடாக்குகிறது. சிமிழுக்கே அந்தக் கதி என்றால் ஒரு நானோ மீட்டர் இடைவெளியின் சுவர்கள் என்னாவது? ஆனால் ஊர்க் காற்றைத் திட்டுவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். பெட்ரி தட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறீர்களா? ரப்பரில் கந்தகம் இருக்கிறது. நீங்கள் பாதுகாப்பாக வைத்ததாக நினைத்த இடத்திலேயே அது வேலையைக் காட்டிவிடும். ரப்பரை எடுத்துவிட்டு, நைட்ரஜன் ஊதிய டப்பாவில் கரித்தூள் பொட்டலத்தோடு வையுங்கள். அப்படியும் வெள்ளி சில்லை எடுத்த அன்றே அளந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். முடிந்தால் தங்கத்துக்கு மாறுங்கள்.

தங்க மாதிரியில் உச்சி மெல்லச் சிவப்புக்குப் போனால் லேசர் அல்லது வலுவான விளக்கு துகளின் அடிப்பட்டையை அகலமாக்குகிறது. தங்க அணுக்கள் அறை வெப்பநிலையிலேயே பரப்பில் ஊரக்கூடியவை, கொஞ்சம் சூடு கிடைத்தால் கேட்க வேண்டாம். ஒளியைக் குறைத்துப் பாருங்கள். ஒளியே படாத துகள்களும் நகர்ந்திருந்தால் இடைவெளியின் ஓரத்தில் ஈரம் ஏறியிருக்கலாம். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் இல்லாத டப்பாவில் எதையும் வைக்காதீர்கள். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் அடுப்பில் காய்ச்சி மறுபடி போடுங்கள்.

அறிகுறி 5: ராமன் கோடுகள் மின்னி மறைகின்றன

லேசர் பட்ட மூலக்கூறு சிதறும் ஒளியில் தெரியும் அதன் அடையாளக் கோடுகள்தான் ராமன் கோடுகள். பைபினைல் தயோலின் கோடுகள் 1080 பக்கத்திலும் 1586 பக்கத்திலும் (அலகு செ.மீ⁻¹) உறுதியாக நிற்க வேண்டும். முதலில் சிலிக்கான் துண்டை வைத்து 520.7 கோட்டைச் சரிபாருங்கள். அது நகர்ந்திருந்தால் கருவியைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கோடுகள் எல்லாம் ஒன்றாக ஏறி இறங்கினால் துகள் ஃபோகஸிலிருந்து விலகுகிறது. ஒரு மணி நேரம் ஒரே துகளை அளந்து, இறக்கம் வரும் நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலும் சரக்கு வண்டியும் கடக்கிற நேரத்தோடு அவை பொருந்துகிறதா? எங்களுக்குப் பொருந்தியது. காற்று மெத்தை மேசை வாங்கப் பணம் இல்லை. சமையல் மேடைக்குப் போடும் தடித்த கிரானைட் பலகையைப் பாதிக் காற்று அடைத்த சைக்கிள் டியூப்களின் மேல் போட்டு, அதன் மேல் நுண்ணோக்கியை வைத்தோம். இன்றுவரை ஓடுகிறது.

1350 பக்கத்திலும் 1580 பக்கத்திலும் இரண்டு அகலமான மேடுகள் எழுந்தால் மூலக்கூறு கருகிவிட்டது. அது கரி. இடைவெளியில் ஒளியின் மின்புலம் நூறு மடங்கு பெருகினால் ராமன் ஒளி தோராயமாக அதன் நான்காம் அடுக்காக, பத்துக் கோடி மடங்கு பெருகும். அதற்கேற்ப லேசரைக் குறைக்காதவர் மூலக்கூற்றை வறுத்துவிடுகிறார். நம் மாநிலக் கல்லூரியில் படித்த ராமன் முதலில் சூரிய ஒளியை வடிகட்டி வைத்துக்கொண்டுதான் இந்த ஒளியைப் பார்த்தார். உங்களிடம் லேசர் இருப்பதுதான் ஆபத்து. 633 அல்லது 785 நானோ மீட்டர் லேசரைச் சில பத்து மைக்ரோவாட்டுக்குள் வையுங்கள். மில்லிவாட் வேண்டவே வேண்டாம்.

லேசரைக் குறைத்த பிறகும், பழைய கோடுகள் அசையாமல் நிற்க, அவற்றுக்கு நடுவே புதிய கூர்மையான கோடு ஒன்று திடீரென்று தோன்றிச் சில நொடிகளில் போனால் அப்போது சந்தோஷப்படலாம். தங்கப் பரப்பிலிருந்து ஒற்றை அணு ஒன்று துருத்திக்கொண்டு, பக்கத்திலிருக்கும் ஒரே மூலக்கூற்றின் மேல் புலத்தைக் குவிக்கிறது. பிகோ குழிவு என்று இதற்குப் பெயர். 2016இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் மாதிரியைச் சுமார் 10 கெல்வினுக்குக் குளிர்வித்து இதை நிலைநிறுத்திக் காட்டினார்கள். உங்களுக்கு அது நிலையாக வேண்டுமென்றால் குளிர்விப்பான் உள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டும். இங்கே முயல்வது வீண்.

அறிகுறி 6: மின்முனை இணைப்பில் மின்தடை 12.9 கிலோ ஓமில் நிற்கிறது

இது வேறு மாதிரி: இரண்டு தங்க மின்முனைகளை மெல்ல இழுத்து நடுவில் இடைவெளி உண்டாக்குவது. இடைவெளி மூடி, இரு பக்கத்தையும் ஒற்றைத் தங்க அணு இணைத்திருக்கிறது. இணைப்பை இன்னும் மெல்ல இழுங்கள். திடீரென்று மெகா ஓமுக்குத் தாவினால் இடைவெளி திறந்துவிட்டது. ஒரே தாவலில் முடிவிலிக்குப் போய்த் திரும்பாவிட்டால் உங்கள் விரலின் நிலைமின்சாரம் கருக்கிவிட்டது. மணிக்கட்டு எர்த் பட்டி போடாமல் தொடாதீர்கள்.

அறிகுறி 7: கணிப்பொறி ஒன்று சொல்கிறது, நிறமாலை வேறொன்று

உச்சி எங்கே வர வேண்டும் என்று கணிக்கும் மென்பொருள், இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். அந்தக் கட்டம்தான் வலைக்கண். முதல் கேள்வி: வலைக்கண் எவ்வளவு? காசிமேட்டில் வலை பின்னுகிறவரிடம் கேளுங்கள், கண்ணைவிடச் சிறிய மீன் வலையில் நிற்காது என்பார். மென்பொருள் தானாகத் தரும் 2 நானோ மீட்டர் வலைக்கண்ணில் 1.3 நானோ மீட்டர் இடைவெளி ஒன்று காணாமல் போகும், அல்லது 2 ஆகிவிடும். இடைவெளிக்குள் குறைந்தது ஐந்தாறு கண்கள் வேண்டும், அதாவது 0.2 நானோ மீட்டருக்குப் பக்கம். சரியா என்று பார்க்க கண்ணைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். உச்சி நகர்ந்தால் இன்னும் போதவில்லை.

வலைக்கண் சரி என்றால் தங்கத்தின் ஒளியியல் எண்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ஜான்சன், கிறிஸ்டி 1972இல் அளந்த அட்டவணையைத்தான் பலரும் பயன்படுத்துகிறோம். அட்டவணையில் பழுதில்லை, மென்பொருள் அதன் மேல் இழைத்த வளைகோடு 700 நானோ மீட்டர் பக்கத்தில் விலகியிருக்கலாம். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். அடுத்து, நடு அடுக்கின் ஒளிவிலகல் எண்ணை 1 என்று விட்டுவிட்டீர்களா? தயோலுக்கு 1.4, 1.5 பக்கம் போட வேண்டும். அதற்கும் அடுத்து, முழு உருண்டைக்குப் பதிலாக அடியில் 20 நானோ மீட்டர் அகலத்துக்குத் தட்டையாக்கிய உருண்டையைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இங்கே வந்ததும் இரண்டும் கைகுலுக்கிவிடும்.

இடைவெளி 1 நானோ மீட்டருக்குக் கீழே போய், கணக்கு மட்டும் இன்னும் சிவப்பாகவும் இன்னும் வலுவாகவும் போய்க்கொண்டே இருந்தால், வழக்கமான மின்காந்தக் கணக்கின் எல்லையை நீங்கள் தொட்டுவிட்டீர்கள். அந்தக் கணக்கில் மின்னூட்டம் தடிமனே இல்லாத கோடாகப் பரப்பில் நிற்கும், இடைவெளி பூஜ்யத்தை நெருங்கினால் புலம் எல்லையில்லாமல் ஏறும். நிஜத் தங்கத்தில் மின்னூட்டம் ஆங்ஸ்ட்ராம் அளவில் பரவியே நிற்கிறது. எஸ்டெபன், போரிசோவ், நார்ட்லாண்டர், ஐஸ்புருவா ஆகியோர் 2012இல் தந்த திருத்தம் கைக்கு எளிது. இடைவெளிக்குள் ஒரு கற்பனைப் பொருளை வைத்து, டன்னலிங் (எலக்ட்ரான் இடைவெளியைத் தாண்டிக் கசிவது) எவ்வளவு நடக்குமோ அவ்வளவு கடத்தும் தன்மையை அதற்குக் கொடுத்துவிடுவார்கள். முழு குவாண்டம் கணக்கு வேண்டுமென்றால் கோட்பாட்டுக்காரரைக் கூட்டாளியாகச் சேருங்கள். அவர் சோடியத்தை வைத்துப் போட்ட கணக்கைக் காட்டினால் பணிவோடு தங்கத்துக்குக் கேளுங்கள். சோடியத்தில் எலக்ட்ரான் மேகம் வெளியே வழியும், தங்கத்தின் நடத்தை வேறு.

அறிகுறி 8: படலத்தைக் குறைத்துக்கொண்டே போயும் உச்சி சிவப்புக்கு நகரவில்லை, அல்லது நீலத்துக்குத் திரும்புகிறது

கடைசி ஆளின் முறை. இங்கே வந்து சேர்ந்தவர் மேலே உள்ள ஏழையும் உண்மையாகவே முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லையென்றால் தயவுசெய்து திரும்பிப் போகவும்.

உங்கள் படலத்தின் தடிமன் எவ்வளவு என்று முதலில் ஓர் எண் சொல்லுங்கள்.

1.5 நானோ மீட்டருக்கு மேல் என்றால் பேச்சே இல்லை. எலக்ட்ரான் அவ்வளவு தூரம் கணக்கில் வரும் அளவுக்குத் தாண்டாது. வெற்றிடத்தில் ஒவ்வொரு 0.1 நானோ மீட்டர் தூரத்துக்கும் டன்னலிங் மின்னோட்டம் ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. படலத்தில் ஓட்டை இருக்கிறது அல்லது தடிமன் நீங்கள் நினைத்தது இல்லை.

0.5 முதல் 1.5 வரை என்றால் மூலக்கூற்றைப் பாருங்கள். பலர் ஆல்கேன் தயோல் ஏணியை வைத்து வேலை செய்கிறார்கள். கார்பன் ஒன்று குறைந்தால் சுமார் 0.12 நானோ மீட்டர் குறையும். பதினாறு, பன்னிரண்டு, எட்டு என்று இறங்கும்போது உச்சி ஒழுங்காகச் சிவப்புக்குப் போகும். ஆறு, நான்கு என்று வந்ததும் வளைகோடு படுத்துவிடும். "பாருங்கள், குவாண்டம்!" என்று வரைபடத்தைக் காட்டுவார்கள். குட்டைச் சங்கிலிகள் நெட்டை சங்கிலிகளைப்போல நெருக்கமாக அடுக்கி நிற்பதில்லை. சாய்கின்றன, நடுவே திட்டுத்திட்டாகக் காலியிடம் விடுகின்றன. படுத்தது உச்சியா, படலமா என்று முதலில் தெரிய வேண்டும். சோதனை: தயோல் கரைசலில் ஊறும் நேரத்தை ஒரு மணியிலிருந்து ஒரு முழு நாளாக்குங்கள். உச்சி நகர்ந்தால் பழுது படலத்தில். நகராவிட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

இந்தத் தடிமனில் நிஜமாகவே நடக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, முன்பு சொன்ன மின்னூட்டப் பரவல். 2012இல் டியூக் பல்கலைக்கழகக் குழு, நம்முடையதைப் போலவே தங்கப் படலத்தின் மேல் தங்க உருண்டையை வைத்து, வழக்கமான கணக்கு சொன்ன அளவுக்குச் சிவப்பு நகர்வு வரவில்லை என்று காட்டியது. இரண்டு, மூலக்கூறே கடத்துவது. 2014இல் சிங்கப்பூரில் வெள்ளிக் கனசதுரங்களுக்கு நடுவே மூலக்கூறுகளை வைத்துப் பார்த்தபோது, மூலக்கூற்றைப் பொறுத்து 1.3 நானோ மீட்டர் வரைகூட டன்னலிங் தடம் தெரிந்தது. ஆகவே உங்கள் மூலக்கூறு இரு முனையிலும் கந்தகம் உள்ள வளைய வகையா, ஒரு முனை மட்டும் பிடித்திருக்கும் கொழுப்புச் சங்கிலியா என்பதை எழுதாமல் தடிமனை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள்.

0.4க்குக் கீழே, உதாரணமாக 0.34 நானோ மீட்டர் கிராஃபீன் ஓர் அடுக்கு மட்டும் வைத்திருந்தால், உங்கள் சந்தேகத்துக்கு மரியாதை உண்டு. 2012இல் இரண்டு தங்கம் பூசிய ஊசி முனைகளை நேருக்கு நேர் கொண்டுவந்து அளந்தபோது குவாண்டம் ஆட்சி தொடங்கியது 0.3 நானோ மீட்டரை ஒட்டித்தான். தங்கத்தில் அடுத்தடுத்த இரண்டு அணுக்களின் தூரமே 0.29. அதாவது ஓர் அணு மட்டும் நுழையும் சந்து.

ஆனால் ஒரு போலி இருக்கிறது. துகள் படலத்தைத் தொட்டுவிட்டால், அல்லது லேசர் இரண்டையும் பற்றவைத்துவிட்டால், அதுவும் உச்சியை நீலத்துக்குத் தள்ளும். அது பழைய மின்காந்தவியல், குவாண்டம் இல்லை. பிரித்தறிய நான் பார்ப்பவை: அகச்சிவப்பில் வெகு தூரத்தில் புதிய உச்சி எழுந்து, லேசர் படப்பட அது குறைந்த அலைநீளத்துக்கு ஏறினால் உலோகப் பாலம் தடிக்கிறது. ராமன் கோடுகள் வலுவாக இருந்தால் இடைவெளியில் புலம் உயிரோடு இருக்கிறது, அப்போது டன்னலிங்கும் இல்லை, பாலமும் இல்லை, உச்சியை அளந்த விதத்தில்தான் கோளாறு. ராமன் சுருங்கி, பாலத்தின் அடையாளமும் இல்லாமல், நூற்றுக்கணக்கான துகள்களிலும் உச்சி ஒரே போக்கில் திரும்பினால் என் வேலை முடிந்தது.

அங்கேதான் வெளியாளைக் கூப்பிட வேண்டும். அயனிக் கற்றையால் துகளைக் குறுக்கே சீவி, உயர்பிரிதிறன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இடைவெளியை நேரடியாகப் பார்ப்பவர் வேண்டும். செலவு, காத்திருப்பு இரண்டும் உண்டு, ஒரு துகளுக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்: ஒளியியல் அளவீடு எல்லாம் முதலில், எலக்ட்ரான் நுண்ணோக்கி கடைசியில். எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்தில் கரி படியும், அந்தத் துகள் பிறகு எந்த நிறமாலைக்கும் ஆகாது. கொடுக்கும்போது சில்லின் மூலையில் வைரப் பேனாவால் கீறிய அடையாளம், அதிலிருந்து துகள் இருக்கும் தூரம், டார்க் ஃபீல்டு படம், அதே துகளின் நிறமாலை நான்கும் தாளில் இருக்கட்டும். "எல்லாத் துகளும் ஒரே மாதிரிதான் சார், ஏதாவது ஒன்றைப் பாருங்கள்" என்று சொன்னால் அவர் ஏதாவது ஒன்றைத்தான் பார்ப்பார்.

கிண்டிப் பக்கம் கொண்டுபோகிறவர்களுக்கு: விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வண்டி மாறாமல் போகலாம். சில்லின் முகம் எதையும் தொடாதபடி ஓரத்தை மட்டும் பிடிக்கும் பெட்டியில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கட்ட ரப்பர் பேண்டு வேண்டாம்.